தாயிப் மலைக் கேசட்

ஒரே கேசட்டில் ஒருவர் குரல் கீச்சென்றும் இன்னொருவர் குரல் சரியாகவும் எப்படிக் கேட்கும்? ராமானுஜத்துக்கு இது பிடிபடவில்லை.

கேசட்டைப் போட்டதும் முதலில் வருவது தம்பி பரணிதரன். ஆனால் அணில் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லாமல் பதினோரு நிமிஷம் ஓடியது. போகப்போக இன்னும் மெலிந்து, கடைசியில் கொசுவின் ரீங்காரமாகிவிட்டது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடியே அவன் மனைவி வசுமதியின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அத்தனை தெளிவாக:

"...அவ இப்ப 'ர' நல்லா சொல்றா. எப்ப வர்றீங்கன்னு கேட்டா 'சீக்கிரம்'னு சொல்லாதீங்க. மாசத்த சொல்லுங்க."

அந்த இடத்தில் வசுமதி கை நீட்டி அணைத்துவிடுவாள்.

பரணிதரன் சவுதியில், ஜெத்தாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தான். கல்யாணமாகி நாற்பத்தேழாவது நாள் விமானம் ஏறினான். இரண்டு வருஷம் கழித்து ஒரு விடுமுறை வந்து, தத்தி நடந்துகொண்டிருந்த மகள் அனுவைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, மறுபடி போனான். அடுத்த விடுமுறைக்கு ஆறு வாரம் இருக்கும்போது, தொண்ணூற்றேழு நவம்பரில், வேலை முடிந்து அறைக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்து மூன்று வயது. உடல் சொந்த ஊரான செய்யூருக்கு வந்து சேர இருபத்தாறு நாளானது.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஜெபகுமார் வந்தான். புதுப்பட்டினத்துப் பையன், ஜெத்தாவில் பரணியின் அறைத்தோழன். அணுபுரம் குடியிருப்பில் ராமானுஜத்தின் வீட்டைத் தேடி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேசட்டை நீட்டினான். "தாயிப் மலைக்குப் போனம்ணா, ஒரு வெள்ளிக்கெழமை. அங்க பேசனது. தபால்ல போட்டா தொலஞ்சிடும், நானே எட்தாந்தேன்" என்றான். ராமானுஜத்தின் மனைவி கோமளம் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தக் கேசட்டை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான்கு வருஷமாக அதே கேசட்டுதான் இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து விடுமுறையில் வரும் யாராவது கொண்டுவருவார்கள். வசுமதி கேட்பாள், ஒரு முறை, இரண்டு முறை, அனுவை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் முறை. அப்புறம் அதன்மேலேயே தன் பதிலைப் பேசி, திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவாள். அவன் அவள் பேச்சின்மேல் பேசுவான்; அவள் அவன் பேச்சின்மேல் பேசுவாள். வெளிநாட்டில் ஆளை வைத்திருந்த வீடுகளில் பாதி இப்படித்தான் செய்தன. பதில் எழுதக் கடிதத்தை அழிப்பவர் உண்டா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஆள் போனபிறகுதான் வசுமதி அதை எண்ணிப் பார்த்தாள். நான்கு வருஷத்தில் அவன் பேசியது எல்லாம் அவள் குரலாலேயே அழிந்துவிட்டது. மிச்சம் இந்தப் பதினோரு நிமிஷம்தான்.

"மாமா, இத எப்டியாவது சரி பண்ணிக் குடுங்க" என்றாள். வசுமதி கல்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கணவன் போனபிறகு அவன் அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். "எனக்குக்கூட வேணாம். அனுவுக்கு அவங்கப்பா குரல் தெரியணும். பெரியவளானா கேப்பா இல்ல?"

இப்படிக் கேட்கத் தகுந்த ஆள்தான் ராமானுஜம். அணுமின் நிலையத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருபது வருஷம். அழுத்தம் காட்டும் முள், வெப்பம் காட்டும் முள், எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் அவர் வேலை. அந்த வேலைக்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: ஒரு கருவியை நம்ப வேண்டுமானால், அதைவிட நம்பகமான இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் டேப் ரிக்கார்டரைச் சந்தேகித்தார். ஆனால் வசுமதி பேசிய மிச்சம் சரியாகத்தானே கேட்கிறது? அப்படியானால் கருவியில் குற்றமில்லை. பரணி பேசியபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது. இரண்டு நாள் யோசித்து மூன்றாம் நாள் பிடித்தார்.

"பேட்டரி!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"டார்ச்லயா? ரெண்டாவது அலமாரி" என்றாள் கோமளம்.

"அட, அதில்லடி. பரணி ரிக்கார்டர்ல. பேட்டரி எறங்கிப்போய் இருந்திருக்கு. எறங்கினா மோட்டார் மெதுவா சுத்தும். ஒரு நொடிக்கு ரெண்டு அங்குலம் ஓட வேண்டிய நாடா ஒன்றரை அங்குலம்தான் ஓடியிருக்கு. அவன் பேச்செல்லாம் அந்தக் கொஞ்ச நாடாவுக்குள்ள நெருக்கி ஒக்காந்துடுச்சி. இங்க நம்ம மிஷின் முழு வேகத்துல ஓட்டுது. அதான் கீச்சு கீச்சுங்குது. போகப்போக பேட்டரி இன்னும் எறங்குது, அதனால போகப்போக இன்னும் கீச்சு."

"சரி, இப்ப இன்னா பண்றது?"

"நம்ம மிஷினையும் அதே மாதிரி மெதுவா ஓட்டணும். அவ்ளோதான்."

கேசட் ஓட்டும் மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் மெல்லிய திருப்புளியை விட்டால் ஒரு திருகு தட்டுப்படும். வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். கம்பெனிக்காரன் ஒரு முறை வைத்துவிட்டு மூடிய திருகு அது. வீட்டில் யாரும் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமானுஜம் பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்துவைத்தார். வசுமதி எதிரில் உட்கார்ந்தாள். அவர் திருக ஆரம்பித்தார்.

அணில் குரங்கானது. குரங்கு சிறுவனானது. சிறுவனுக்கு மீசை முளைத்தது. "இன்னும் கொஞ்சம்... இன்னும்... அங்க! அங்கதான் மாமா, நிறுத்துங்க!" என்றாள் வசுமதி. பரணிதரன் பேசினான்:

"வசு, கேக்குதா? நான் இப்ப மலை மேல கீறேன். வெளில காத்து மைக்ல மோதிகினே கீது, அதான் டீக்கடை உள்ள பிரிட்ஜ் பக்கத்துல ஒக்காந்துகினு பேசறேன்..."

ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. குரல் மெல்ல மெல்ல ஏறி மறுபடி சிறுவனானது. ராமானுஜம் இன்னும் திருகினார். அவள் "இல்ல, இப்ப ரொம்ப இறங்கிடுச்சு" என்றாள். ஏற்றினார். "இப்ப... தெரியல மாமா." அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் காது குழம்பிவிட்டது. பல தடவை கேட்டால் எந்தக் குரலும் அவன் குரலாகத் தோன்றியது. இன்னும் சில தடவை கேட்டால் எதுவுமே தோன்றவில்லை.

"காத நம்பி இத செய்ய முடியாது" என்றார் ராமானுஜம். "மாறாத ஒன்னு வேணும்."

அது அந்தக் கேசட்டுக்குள்ளேயே இருந்தது. பரணியின் பேச்சுக்குப் பின்னால், தொடக்கம் முதல் கடைசி வரை, ஒரு உறுமல். டீக்கடை பிரிட்ஜின் உறுமல். அதைக் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரிட்ஜ் எதனால் உறுமுகிறது? கம்பியில் வரும் மின்சாரம் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக நொடிக்கு ஐம்பது முறை ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் மோட்டாருக்குள் இருக்கும் இரும்பு இரண்டு முறை இழுபடுகிறது. ஆக நொடிக்கு நூறு அதிர்வு. உலகத்தில் எந்தப் பிரிட்ஜும் அதே சுருதியில்தான் உறுமும். அவர் வீட்டு மூலையில் டி.வி.க்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரும் அதே நூறில்தான் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும்!

இரண்டு உறுமல் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகியிருந்தால் சத்தம் ஒரே சீராக வராது. தெருவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்போது காலடிகள் ஒருசமயம் ஒன்றாக விழும், ஒருசமயம் மாறி விழும் அல்லவா? அதுபோல 'வ்வும்... வ்வும்...' என்று ஏறி இறங்கும். இரண்டும் ஒன்றானால் அந்த ஏற்ற இறக்கம் நின்று, ஒரே கோடு போல ஆகிவிடும். ராமானுஜம் டேப்பை ஸ்டெபிலைசர் பக்கத்தில் வைத்து, 'வ்வும்' நிற்கும்வரை திருகினார். பேட்டரி இறங்க இறங்க 'வ்வும்' திரும்ப எழும்பும். உடனே ஒரு மயிரிழை இடப்பக்கம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டால் மின்சாரத்தின் ஆட்டம் நாற்பத்தெட்டுக்குக்கூட இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மத்தியானத்திலேயே செய்தார். இரண்டாவது டேப் ரிக்கார்டரைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்து, சரிசெய்தபடியே புதுக் கேசட்டில் பதிந்தார். முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. அழகான வேலை. தம்பி செத்த பிறகு முதல் முறையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

தொடக்கம் முதல் கடைசி வரை ஏறாமல் இறங்காமல் ஒரே குரல். ஆனால் அது கனத்த குரல். சொற்கள் ஒவ்வொன்றாகக் காலை இழுத்துக்கொண்டு வந்தன. "சத்தியமா குளுருது வசு. சவுதில குளுருதுன்னா எவன் நம்புவான்... இங்க கொரங்கு கீது. திருக்கழுக்குன்றத்துல கீறத வுட பெருசு, மூஞ்சி நாய் மாதிரி... ஜெபா கையில இருந்த பழத்த புடுங்கிகினு போயிட்சி..." நடுவே ஓர் இடத்தில் அவன் பேச்சு உடைந்து, விம்முவதுபோல மூச்சு வாங்கியது. அப்புறம் அந்த வரி வந்தது:

"இந்தத் தடவ வந்தா நான் இங்க திரும்பி வர மாட்டேன் வசு. அண்ணங்கிட்ட நீ சொல்லாத. நானே வந்து சொல்றேன். இன்னும் ரெண்டு வருசம் பல்ல கடிச்சிக்கடான்னுதான் அது சொல்லும்."

ராமானுஜம் தரையைப் பார்த்தார். முதல் ஒப்பந்தம் முடிந்து வந்தபோது அவர் அப்படியேதான் சொல்லியிருந்தார், அதே வார்த்தைகளில்.

அனு வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு கேட்டது. "பெரியப்பா, இந்தத் தாத்தா யாரு?"

வசுமதி எழுந்து நின்றாள். "மாமா, இது அவர் இல்ல."

"பேசறது அவன்தானே!"

"பேச்சு அவரு. சுருதி அவர் இல்ல. இது யாரோ வயசானவங்க. அன்னிக்கு நான் நிறுத்தச் சொன்னேனே, அங்கதான் அவர் இருந்தாரு. இதுக்கு மேல இருக்கணும்."

அப்போது ராமானுஜம் சொன்னதை அவர் பிற்பாடு பலமுறை திரும்ப நினைத்துப் பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலையில் இளையவர்களுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகத்தான் சொன்னார். "காது மறக்கும்மா. கருவி மறக்காது. ரெண்டு வருசமாச்சு நீ அவன நேர்ல கேட்டு. போன்ல கேட்டது, கேசட்ல கேட்டது எல்லாம் கலந்துபோயிருக்கும். இதான் அவன் குரல். இத கேட்டுப் பழகிக்க."

வசுமதி உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவள் அந்தக் கேசட்டைத் தொடவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், அனுவுக்குத் தலை வாரினாள். துணி மடிக்கும்போது வாய்க்குள் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பவள், அதை நிறுத்திவிட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கோமளம் அவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவகிட்ட இன்னா சொன்னீங்க?"

"உண்மைய சொன்னேன்."

"ராத்திரி எங்கிட்ட கேக்கறா, 'அக்கா, நாலு வருசம் அவர் பேசினத நானே அழிச்சேன். இப்ப மனசுல இருந்ததும் தப்பாம். அப்ப எங்கிட்ட அவர் எங்கதான் இருக்காரு'ன்னு. நான் இன்னா பதில் சொல்லட்டும்? நீங்க கருவிய வெச்சி சொல்லுங்க."

அவருக்கும் நிம்மதி இல்லை. வீட்டில் யாருமில்லாத மத்தியானங்களில் அந்தக் கேசட்டைப் போட்டு, தம்பி விம்மும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். குளிரில் உட்கார்ந்து, குரல் தளர்ந்து, அண்ணனுக்குப் பயந்து பேசுகிற ஒருவன். மலைக்குச் சுற்றுலா போன நாளிலேயே இப்படியென்றால் மற்ற நாளெல்லாம் எப்படி இருந்திருப்பான்? பல்லைக் கடித்துக்கொள் என்று அனுப்பியது யார்? கருவி சொன்னதை அவர் முழுசாக நம்பினார். நம்பியதால் அவர்தான் முதலில் மெலிந்துபோனார்.

பிப்ரவரிக் கடைசியில், ஜெத்தா திரும்புவதற்கு முந்தின வாரம், ஜெபகுமார் விடைபெற வந்தான். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். கோமளம் இட்லி வைத்தாள். "நாஸ்தா ஆயிட்சி அண்ணி" என்று சொல்லிக்கொண்டே நாலு சாப்பிட்டான்.

"கேசட்டு கேட்டீங்களாண்ணா?"

"கேட்டோம்" என்றார் ராமானுஜம். பிறகு, கேட்க வேண்டாமென்று நினைத்ததைக் கேட்டுவிட்டார். "ஜெபா, அன்னிக்கு அவன் ஏன் அழுதான்?"

"யாரு?"

"பரணி. பேசும்போது அழறான்."

ஜெபகுமார் கையில் இட்லியோடு அவரைப் பார்த்தான். "இன்னாண்ணா பேஜாரா கீது! அன்னிக்கு அவன் அழுதானா? எட்டு பேரு வேன்ல போனோம். பாதி பேரு பாய்ங்க, பாதி பேரு நாங்க. மக்கா ஊருக்குள்ள பாய்ங்கள மட்டுந்தான் வுடுவாங்க, நாங்க வெளி ரோட்ல சுத்திகினு போணும். எங்களுக்காவ அவுங்களும் சுத்திகினே வந்தாங்க. அந்தச் சுத்துல பூரா பரணிதான் வண்டில பாட்டு. மலை ஏற்றப்ப வளைவுக்கு வளைவு எனுக்கு வாந்தி. அவன் எனுக்குப் பை புட்ச்சிகினு, 'ஜெபா, இதுக்குள்ளயே ஊர் வரிக்கும் வந்துடுவியா'ன்னு சிரிக்கிறான். மேல போனா குளுரு. ஸ்வெட்டர் எவங்கிட்டயும் இல்ல. டீ குடிச்சிகினே ரிக்கார்டர எட்த்தான். அப்பதான் கொரங்கு என் பழத்த புடுங்கிகினு, என் தொப்பியையும் எட்த்துகினு ஓடிட்சி. நான் அது பின்னால ஓட்றேன். அவன் அத பாத்து, பேச முடியாம, வயித்த புட்ச்சிகினு..." ஜெபகுமார் நிறுத்தினான். கண்ணைத் துடைத்தான். "எங்க, போடுங்க அந்தக் கேசட்ட."

ராமானுஜம் போட்டார். ஜெபகுமார் இரண்டு நிமிஷம் கேட்டான்.

"இது பரணி இல்லண்ணா. பரணியோட நைனா மாதிரி கீது. யாரு இப்டி வெச்சது?"

உள்ளறை வாசலில் வசுமதி வந்து நின்றிருந்தாள்.

ராமானுஜம் விளக்கினார். பேட்டரி, நாடா, திருகு, பிரிட்ஜின் உறுமல், ஸ்டெபிலைசர், நூறு அதிர்வு எல்லாம் சொன்னார். ஜெபகுமார் பாதியிலேயே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டான். அவன் அங்கே ஏ.சி. மெக்கானிக்.

"அண்ணாத்த, அங்க ஐம்பது கெடியாது. அறுபது."

"இன்னாது?"

"கரண்டுண்ணா. சவுதில அறுபது சைக்கிள். தெனம் பத்து மோட்டார் பிரிக்கிறேன், ஒவ்வொன்னு மேலயும் தகட்ல போட்ருக்கான். துபாய்லதான் நம்மூர் மாதிரி ஐம்பது. எனுக்குத் தெரியாதா?"

ராமானுஜம் அமெரிக்காவில் அறுபது என்று படித்திருந்தார். வளைகுடா நாடெல்லாம் நம்மைப்போல ஐம்பதுதான் என்று, யாரையும் கேட்காமலே முடிவு கட்டியிருந்தார். எதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோமோ அதையும் சரிபார்க்க வேண்டும் என்று நிலையத்தில் புதிதாக வருபவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார். அந்தப் பிரிட்ஜ் நூற்று இருபதில் உறுமியிருக்கிறது. அவர் அதை நூறுக்கு இழுத்து இறக்கியிருக்கிறார். உறுமலோடு தம்பியின் குரலும் ஆறில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. முப்பத்து மூன்று வயதுக்காரனை அறுபது வயதுக்காரனாக்கி, அவன் சிரிப்பை விம்மலாக்கி, மூன்று வாரமாக அதைக் கேட்டு அழுதிருக்கிறார். அதோடு விடாமல், சரியாகக் கேட்ட காதை மறதி என்று சொல்லியிருக்கிறார்.

"வசு" என்றார். நிமிர்ந்து பார்க்கச் சிரமமாக இருந்தது. "நீ சொன்ன எடந்தாம்மா சரி. நான்தான் தப்பா வெச்சேன்."

வசுமதி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப சரியா வெச்சிடுங்க மாமா" என்றாள்.

"எப்டி வெப்பேன்? நூத்தி இருபதுல உறுமறது இந்தத் தேசத்துல ஒன்னுகூட இல்லையே. கருவி எல்லாம் நிலையத்துக்குள்ள கீது. கேசட்ட உள்ள எடுத்தும் போக முடியாது, கருவிய வெளில எடுத்தும் வர முடியாது. எங்கிட்ட இருக்கறது நூறு மட்டுந்தான். எனக்கு அதுல ஐந்துக்கு ஆறு வேணும்."

"ஐந்துக்கு ஆறா?" என்றாள் வசுமதி.

"ஆமா. இது ஐந்து முறை ஆடற நேரத்துல அது ஆறு முறை ஆடணும்."

அவள் ஸ்டெபிலைசர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். காதை அருகில் கொண்டுபோனாள். "இது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேல. என் சுருதிதான்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "இசை டிப்ளோமாவுல எழுதியிருக்கேன் மாமா. ஸட்ஜத்துக்குப் பஞ்சமம் ரெண்டுக்கு மூணு. மத்தியமம் மூணுக்கு நாலு. ஐந்துக்கு ஆறுன்னா சாதாரண காந்தாரம்."

ஜெபகுமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனுக்கு ஒன்னியும் புரில. பண்ணுங்க, பண்ணுங்க" என்றான்.

ராமானுஜம் பெட்டியைத் திறந்து திருப்புளியைச் செருகினார். ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி செருகினார். வசுமதி கண்ணை மூடினாள். ஸ்டெபிலைசரின் உறுமலை ஸட்ஜமாகப் பிடித்து, ஒரு ஸ்தாயி மேலே 'ஸ' என்றாள். மூன்று மாதத்தில் அவள் அந்த வீட்டில் வாய் திறந்து பாடியது அதுதான் முதல். ரிஷபத்தைத் தொட்டு, காந்தாரத்துக்கு ஏறி, அங்கேயே நின்றாள். மூச்சு முடிந்தால் இழுத்துக்கொண்டு மறுபடி அதே ஸ்வரம். அவர் பிரிட்ஜின் உறுமலை அவள் குரலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டும் ஒட்டின.

"வசு, கேக்குதா? நான் இப்ப மலை மேல கீறேன்!"

ஜெபகுமார் தொடையில் அடித்துக்கொண்டான். "இதான்! இதான்டா!"

வசுமதியின் ஸ்வரம் ஒரு கணம் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓட, அந்தக் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். குரங்கு வந்தது, பழம் போனது. விம்மல் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் பரணிதரன் சிரித்தான், மூச்சு முட்ட, வார்த்தை வராமல், தூரத்தில் யாரையோ பார்த்து. சிரிப்பின் வால் இன்னும் குரலில் ஒட்டியிருக்கும்போதே சொன்னான்: "இந்தத் தடவ வந்தா நான் இங்க திரும்பி வர மாட்டேன் வசு. அண்ணங்கிட்ட நீ சொல்லாத. நானே வந்து சொல்றேன்."

துன்பம் தாங்காதவன் அப்படிச் சொல்ல மாட்டான். முடிவெடுத்து மனசு லேசானவன் சொல்வது அது. அண்ணனிடம் வந்து சொல்லவும் அவன் பயப்படவில்லை. வருவதற்குத்தான் ஆறு வாரம் போதவில்லை. ராமானுஜம் அதைக் கேட்டபடியே, கண் மறைத்தாலும் கை தவறாமல், ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாகத் திருகிக்கொண்டிருந்தார்.

அன்று அது ஒத்திகை மட்டும்தான். வசுமதியின் பாட்டு கலக்காமல் பதிவதற்காக, மறுநாள் மத்தியானம் அவள் ஸ்டெபிலைசரையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாட, அவர் கதவோரம் ஒரு காதும் டேப்பிடம் ஒரு காதுமாக உட்கார்ந்து, புதுக் கேசட்டில் முழுவதையும் எடுத்து முடித்தார். அட்டையின் உட்புறத்தில், பிற்காலத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் உதவும் என்று, தேதி போட்டுச் சின்ன எழுத்தில் எழுதிவைத்தார்:

'சவுதியில் மின்சாரம் நொடிக்கு 60 ஆட்டம், இங்கே 50. எனவே பிரிட்ஜின் உறுமலை நம் ஸ்டெபிலைசருக்குச் சமமாக வைக்கக் கூடாது. ஸ்டெபிலைசரை ஸட்ஜமாகக் கொண்டு வசுமதி சாதாரண காந்தாரம் பாட வேண்டும். பிரிட்ஜின் உறுமல் அந்தக் காந்தாரத்தோடு சேரும்வரை மோட்டார் திருகை இடப்பக்கம் திருப்ப வேண்டும். கேசட் ஓட ஓட உறுமல் மேலே ஏறும். ஏறும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். இப்படிச் செய்தால் கடைசி வரை குரல் சரியாக இருக்கிறது.'